ஓட்டிசம் உடையோர் சேவையும் பொருளுதவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

வயதிலும் அனுபவத்திலும் என்னிலும் எத்தனையோ மடங்கு பெரியவர்கள் வீற்றிருக்கும் இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடிக்காத ஒருவனுக்குப் பேசச் சந்தர்ப்பம் அளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். சமூக சேவை பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். சமூக சேவை என்பது கடல். அக்கடலின் ஒரு துறையில் மட்டும் இறங்க எண்ணுகின்றேன். ஓட்டிசம் உடையோருக்காக உழைக்கும் ஸ்தாபனங்களுக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது, எவ்வாறு வரவேண்டும், வந்த பொருள் எவ்வாறு நிலைக்கவேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஓட்டிசம் என்பது யாது? அது நோயன்று. மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமைந்து, வாழ்நாள் முழுவதும் கூடவரும் ஒரு வேறுபாடு. பிறருடைய பேச்சையும் முகக்குறிப்பையும் விளங்கிக்கொள்ளும் முறை இவர்களுக்கு வேறு. ஓசையும் ஒளியும் தொடுகையும் உறுத்தும் அளவு வேறு. நாளாந்த ஒழுங்கு சிறிது மாறினாலும் சிலருக்கு உண்டாகும் கலக்கம் பெரிது. மனத்துக்கு உகந்த ஒன்றில் மூழ்கும் ஆர்வமும் பெரிது. சிலர் வாழ்நாளில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிலர் பட்டம் பெற்று உத்தியோகம் பார்க்கின்றனர். இதனை மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகின்றார்கள். மதி இறுகிப்போனது என்ற தவறான எண்ணத்தை அச்சொல் கேட்பவர் மனத்தில் விதைத்துவிடுமோ என்று அஞ்சி, நம் நாட்டு மக்கள் பேச்சில் வழங்கும் ஓட்டிசம் என்ற சொல்லையே நான் கையாளுகின்றேன்.

இது மேல்நாட்டாருக்கு உரியது, நமக்கு இல்லை என்று எண்ணுவோரும் உளர். 2009ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆய்வொன்றில், நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைப் பரிசோதித்தனர். நால்வருக்கு ஓட்டிசம் இருப்பது தெரியவந்தது. அஃதாவது ஏறத்தாழ 93 பேரில் ஒருவர். அது சிறிய ஆய்வுதான். ஆயினும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டுக்குக் கூறும் கணக்கு உலகெங்கும் 127 பேரில் ஒருவர் என்பது. ஆகவே ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஏழெட்டுப் பேரேனும் இவ்வாறு இருத்தல் கூடும். அவர்களை நாம் காணவில்லையென்றால், அவர்கள் இல்லை என்பது பொருளன்று. வீட்டுக்குள் இருக்கின்றார்கள் என்பதே பொருள்.

ஏன் வீட்டுக்குள் இருக்கின்றார்கள்? பழி காரணம். "தாய் கவனிக்கவில்லை, அதுதான் பிள்ளை இப்படி" என்பார் ஒருவர். "முன்வினை" என்பார் இன்னொருவர். இந்தப் பழி நமக்கு மட்டும் உரியதன்று. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஓட்டிசத்தை வைத்திய உலகுக்கு எடுத்துக் கூறினார். அதன்பின் இருபது வருட காலம், தாயின் அன்பு குளிர்ந்து போனதால் வருவது இது என்று படித்தவர்களே பேசினார்கள், எழுதினார்கள். 1964இல் பேர்ணார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அக்கொள்கையை மறுத்து ஒரு நூல் எழுதினார். அவரும் ஓட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தை. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பெற்றார் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவரே. வைத்திய உலகம் பழி சுமத்தியபோது பெற்றார் தாமே கூடிச் சங்கம் அமைத்தார்கள். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் பெற்றார் சங்கங்களின் வரலாறே.

பெரியோர்களே, இப்பெற்றாரிடம் எந்த நாட்டுக்குச் சென்று கேட்டாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நாங்கள் கண்மூடிய பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" எனது பேச்சின் சாரம் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கின்றது. ஒரு நன்கொடை ஓராண்டுக்குக் கிடைக்கின்றது. மிஞ்சினால் மூன்றாண்டுக்குக் கிடைக்கின்றது. ஓட்டிசம் உடைய ஒருவருடைய வாழ்க்கையோ அறுபது ஆண்டு, எழுபது ஆண்டு. மூன்றாண்டுப் பணத்தைக் கொண்டு அறுபதாண்டுக் கடமையை எப்படிச் செய்வது? சேவை ஸ்தாபனங்களின் பெருஞ்சிக்கல் பணம் குறைவு என்பதன்று. பணம் நிலையாமை என்பதே.

நன்கொடை என்பது நமக்குப் புதிய விஷயமன்று. இங்கே இருக்கும் முதியவர்கள் "உதவி நன்கொடை பெறும் பாடசாலை" என்ற தொடரை நன்கு அறிவார்கள். 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் அவர்கள் பாடசாலை தொடங்கியதும், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி ஊர் ஊராகப் பாடசாலை அமைத்ததும் நாம் அறிந்தவை. நானோ மிஷனரிமார் நிறுவிய ஒரு பாடசாலையிற் படித்தவன். மிஷன் பாடசாலையாயினும் சரி, சைவப் பாடசாலையாயினும் சரி, ஏற்பாடு ஒன்றுதான். காணியும் கட்டடமும் தளபாடமும் முகாமையாளர் பொறுப்பு. ஆசிரியர் சம்பளம் அரசினர் பொறுப்பு. பிடியரிசி சேர்த்தும் தென்னங்காணியை எழுதிவைத்தும் ஊரார் தம் பங்கைச் செலுத்தினார்கள். 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசினர் பொறுப்பேற்றனர். அம்முறையின் குறைகள் வேறு விஷயம். ஆனால் அதில் ஒரு நல்ல பாடம் உண்டு. ஊரார் ஒருமுறை செய்யக்கூடியதைச் செய்தார்கள். மாதந்தோறும் செய்யவேண்டியதை அரசினர் செய்தார்கள். ஊர் நின்றாலும் பாடசாலை நிற்காது. அதிகாரி மாறினாலும் பாடசாலை மூடப்படாது. இந்த இரட்டைத் தூண் ஓட்டிசம் உடையோர் சேவைக்கும் வேண்டும்.

இனி, இவ்விரட்டைத் தூணை எழுப்பிய ஒரு சங்கத்தின் கதையைச் சொல்கின்றேன். 1961ஆம் ஆண்டில் ஹெலன் அலிசன் என்ற ஒரு தாய் பீ.பீ.சீ. வானொலியின் மாதர் நிகழ்ச்சியிலே தம் மகனைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட வேறு பெற்றாரும் தம்மைப் போல் ஒருத்தி இருக்கின்றாள் என்று கண்டு தொடர்பு கொண்டனர். 1962இல் அவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். வைத்தியரும் ஓட்டிசம் உடைய மகளின் தாயுமாகிய லோர்ணா விங் அம்மையார் அவர்களில் ஒருவர். இன்று பிரித்தானியாவின் தேசிய ஓட்டிசச் சங்கம் எனப்படுவது அதுவே.

அதே 1962இல் சிபில் எல்கர் என்ற ஆசிரியை இலண்டனில் தம் வீட்டின் கீழ்த்தளத்து அறையிலே சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அந்நாளில் இப்பிள்ளைகளுட் பலர் "கல்வி கற்பிக்க இயலாதவர்" என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவ்வறையிலே அவர்கள் கற்றார்கள். பெற்றார் சங்கம் பணம் திரட்டி 1965இல் ஈலிங் என்னும் இடத்தில் அவ்வாசிரியையின் பொறுப்பில் ஒரு பாடசாலையைத் திறந்தது. இது முதலாவது தூண்: மக்கள் தந்த நன்கொடை.

இரண்டாவது தூண் எங்கே? பெற்றார் அத்துடன் நின்றுவிடவில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களைக் கண்டு பேசினார்கள். "இதோ, இப்பிள்ளைகள் கற்கின்றார்கள், நேரில் வந்து பாருங்கள்" என்று காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு பாடசாலை இருந்தது. 1970ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஓட்டிசம் உடைய பிள்ளைகளின் கல்வியைப் பெயர் கூறிக் குறிப்பிட்டது. மற்றொன்று "கற்பிக்க இயலாதவர்" என்ற வகுப்பையே ஒழித்து, எந்தப் பிள்ளையின் கல்விக்கும் கல்வி அதிகாரிகளே பொறுப்பு என்று விதித்தது. அதன்பின் இத்தகைய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் உள்ளூர் அதிகார சபைகள் அவர்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்தலாயின. நன்கொடையால் நடந்த காரியம் உரிமையால் நடக்கலாயிற்று.

வாலிப நண்பர்கள் இவ்விடத்தைக் கவனிக்கவேண்டும். அச்சங்கம் நன்கொடைப் பணத்தை விதைநெல்லாகப் பயன்படுத்தியது. விதைநெல்லை அவித்து உண்டால் ஒரு வேளை பசி தீரும். விதைத்தாலோ ஆண்டுதோறும் விளையும்.

அப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். பதினாறு வயதிற் பாடசாலை முடிந்தது; வாழ்க்கை முடியவில்லை. பெற்றாருடைய அந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 1974இல் சங்கம் சொமர்செற் பகுதியில் ஒரு பெரிய வீட்டை வாங்கி, வளர்ந்தவர்கள் ஒன்றாக வாழ்ந்து தொழில் செய்யும் இடமாக்கியது. ஐரோப்பாவில் ஓட்டிசம் உடைய வளர்ந்தோருக்கென எழுந்த முதல் வதிவிடம் அது என்பர். அவ்விடத்துக்கும் தலைவியாகச் சென்றவர் அதே சிபில் எல்கர் அம்மையாரே. பிள்ளைகள் என்றால் எல்லோரும் இரங்கிக் கொடுப்பார்கள். நாற்பது வயது மனிதருக்குக் கொடுப்பார் சிலர். ஆனால் மனிதன் பிள்ளையாக இருப்பது கொஞ்சக் காலம். வளர்ந்தவனாக வாழ்வதே நெடுங்காலம். நன்கொடை கேட்போரும் கொடுப்போரும் மறக்கும் உண்மை இது.

அயல் நாடாகிய இந்தியாவை இனிப் பார்ப்போம். அங்கே 1991இல் டில்லியில் மேரி பருவா என்ற தாயும் வேறு பெற்றாரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். "அக்ஷன் போர் ஓட்டிசம்" என்பது அதன் பெயர். 1999ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஓட்டிசம், மூளைவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை இயலாமை ஆகியவற்றை உடையோரின் நலனுக்காகத் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஒன்றை அது நிறுவியது. பெற்றாருடைய அந்தக் கேள்விக்கு விடை தேட எழுந்த சட்டம் அது எனலாம்.

அதன் பொருளமைப்பு ஆராயத்தக்கது. மத்திய அரசாங்கம் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம் என்று சொல்லவில்லை. 100 கோடி ரூபாவை ஒரே முறையில் மூலதனமாக வைத்தது. முதல் கரையாது, அதன் வருவாயைக் கொண்டு போதிய வாழ்க்கைத்தரத்துக்கான திட்டங்கள் நடத்தப்படவேண்டும். கோயிலுக்கு வயலை எழுதிவைத்து, வயலின் விளைச்சலில் விளக்கெரிக்கும் நம் முன்னோர் முறையும் இதுவே அன்றோ? பெற்றார் சங்கங்களும் இயலாமை உடையோர் சங்கங்களும் தொண்டு ஸ்தாபனங்களும் அந்நிதியத்திற் பதிவுசெய்து உதவி பெறலாம். நிராமயா என்னும் காப்புறுதித் திட்டத்தின் மூலம் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபா வரை வைத்தியச் செலவு கிடைக்கும். மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. மாவட்ட அதிகாரியும், பதிவுபெற்ற ஸ்தாபனத்தின் பிரதிநிதியும், இயலாமை உடைய ஒருவரும் அதில் அமர்ந்து, வேண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கின்றார்கள். 100 கோடி என்பது இந்தியாவின் சனத்தொகைக்குச் சிறு தொகைதான். ஆயினும் கரையாத முதல், பதிவுபெற்ற சங்கங்கள், இயலாமை உடையவருக்கே குழுவில் ஓர் ஆசனம் என்ற மூன்றும் ஒரு சட்டத்துள் ஒன்றுசேர்ந்தமை பெரிய காரியம்.

நம் நாட்டிலும் அடிப்படை இல்லாமலில்லை. 1912இலேயே மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மையார் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் இரத்மலானைப் பாடசாலைக்கு வித்திட்டார். வடக்கிலே கோண்டாவிலில் அமைந்த சிவபூமிப் பாடசாலை, அறிவு வளர்ச்சியில் உதவி வேண்டிய பிள்ளைகளுக்காகச் சைவ மக்கள் கைகொடுத்து எழுப்பியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமை உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க ஒரு தேசிய சபையை ஏற்படுத்தியது. 2016இல் இலங்கை இயலாமை உடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. கதவு இருக்கின்றது. தட்டுவோர் வேண்டும்.

ஒரு சிறு பெற்றார் சங்கம் பொருளுதவி தேடப் புறப்பட்டால் என்ன நேர்கின்றது? கொடுப்போர் பலர் உளர். தூதரகங்கள் உளர், வணிக நிறுவனங்கள் உளர், வெளிநாடுகளில் வாழும் நம் உறவினரும் பழைய மாணவர் சங்கங்களும் உளர். உதாரணமாக, யப்பான் அரசாங்கம் தன் தூதரகத்தின் மூலம் அடிமட்ட மக்கள் பாதுகாப்புக்கென வழங்கும் நன்கொடை நம் நாட்டிற் பல பாடசாலைக் கட்டடங்களையும் வைத்தியசாலைச் சாதனங்களையும் தந்திருக்கின்றது. அது நன்று. ஆனால் அந்நன்கொடையின் விதி, நடைமுறைச் செலவுக்கும் சம்பளத்துக்கும் பணம் தருவதில்லை என்பது. பெரும்பாலான நன்கொடைகளின் இயல்பும் அதுவே. கட்டடத்திற் பெயர்க்கல் பதிக்கலாம். பேச்சுச் சிகிச்சையாளரின் மாதச் சம்பளத்திற் பெயர்க்கல் பதிக்க முடியாது. ஆனால் ஓட்டிசம் உடைய பிள்ளைக்குச் சுவரைவிட வேண்டியது மனிதர். பொறுமையாகப் பக்கத்தில் அமர்ந்து, படத்தைக் காட்டி, ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் காத்திருக்கும் ஆசிரியர் வேண்டும். ஒழுங்கு மாறினாற் கலங்கும் பிள்ளைக்கு நான்கு மாதத்துக்கு ஓர் ஆசிரியர் என்று மாறி மாறி வந்தால், அது உதவியாகாது, உபத்திரவமாகும். ஆகவே, கட்டடத்துக்கு நன்கொடை பெறுமுன் சம்பளத்துக்கு வழி கண்டீர்களா என்று கேட்பதே அறிவுடைமை.

இரண்டாவது இடர் எழுத்து வேலை. கொடுப்போர் பதிவுப் பத்திரம் கேட்பார்கள். கணக்காய்வு செய்த வரவு செலவு கேட்பார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகம், வங்கிக் கணக்கு, திட்ட அறிக்கை யாவும் கேட்பார்கள். கேட்பது நியாயமே; பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இரவு முழுவதும் உறங்காத பிள்ளையோடு விழித்திருந்த ஒரு தாய், மறுநாள் இருபது பக்க ஆங்கிலப் படிவத்தை எப்படி நிரப்புவாள்? எந்தக் குடும்பத்துக்கு உதவி மிகவும் தேவையோ, அந்தக் குடும்பத்துக்கே விண்ணப்பம் எழுத நேரமில்லை. விளைவு யாது? எழுதத் தெரிந்த நகரத்து ஸ்தாபனங்களுக்கு நன்கொடை செல்லும். கிராமத்துத் தாய்க்குச் செல்லாது. இதிலே கொடுப்பவர் குற்றமுமில்லை, தாயின் குற்றமுமில்லை. இடையிலே ஒரு பாலம் இல்லை என்பதே குற்றம்.

மூன்றாவது விஷயம் சற்று நுட்பமானது. பொருள் கேட்கும் முறை பற்றியது. நான் மேலே புகழ்ந்த அதே பிரித்தானியச் சங்கம் 1963இல் தனக்கு ஒரு சின்னம் வகுத்தது. புதிர்த்துண்டு ஒன்று, அதனுள்ளே அழும் ஒரு பிள்ளை. பார்ப்பவர் இரங்குவர், பணம் தருவர் என்பது எண்ணம். நல்லெண்ணந்தான். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து தன் சின்னத்தைத் தானே பார்க்கும் நாளை எவரும் எண்ணவில்லை. பின்னர் அச்சங்கமே அச்சின்னத்தைக் கைவிட்டது.

அமெரிக்காவில் இது இன்னும் தூரம் சென்றது. 2005இல் ஒரு பேரனுக்காகப் பொப் றைற், சுசான் றைற் என்னும் பாட்டனும் பாட்டியும் ஓட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினர். ஒரு வணிகப் பெருமகனார் 2 கோடியே 50 லட்சம் டொலர் முதலிற் கொடுத்தார். சிறு சங்கங்களுக்கும் கோடைகால முகாம், நீச்சற் பயிற்சி முதலியவற்றுக்கு அது நன்கொடை வழங்கியிருக்கின்றது. அதை மறுக்க முடியாது. ஆனால் 2009இல் அது வெளியிட்ட ஒரு படத்திலே, ஓட்டிசம் ஒரு திருடனைப் போலக் குடும்பங்களை அச்சுறுத்திப் பேசுவதாகக் காட்டினார்கள். ஓட்டிசம் உடையோர் கொதித்தெழுந்தார்கள். "எங்களைப் பேயாகக் காட்டி எங்களுக்காகவா பணம் சேர்க்கின்றீர்கள்?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். படம் மீளப்பெறப்பட்டது. அந்த ஸ்தாபனத்தின் ஆலோசனைக் குழுக்களில் இருந்த ஜோன் எல்டர் றொபிசன் என்ற ஓட்டிசம் உடைய எழுத்தாளர் 2013இல் விலகினார். 2015இன் இறுதியில் ஓட்டிசம் உடைய இருவரை அது தன் இயக்குநர் சபையிற் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து வந்த அறிவு முதல்நாளே வந்திருக்கலாம்.

பிரித்தானியாவில் 2007 முதல் 2011 வரை ஓட்டிச ஆராய்ச்சிக்குச் சென்ற பணத்தைக் கணக்கிட்டவர்கள், அதிற் சரிபாதிக்கு மேல், 56 வீதம், உயிரியலுக்கும் மூளைக்கும் அறிவாற்றலுக்கும் சென்றதென்று கண்டார்கள். வாழும் மனிதருக்கு நாளாந்தம் எவ்வகைச் சேவை பயன்படும் என்ற ஆராய்ச்சிக்குச் சென்றது சொற்பமே. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தின் திசையை யார் தீர்மானிக்கின்றார் என்பதே கேள்வி. உண்பவனைக் கேளாமற் சமைப்பது போலாகிவிடக்கூடாது.

அன்பர்களே, ஒரு வாலிபர் சங்கம் இதில் என்ன செய்யலாம்? பெரிய பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இவ்வேலைக்கு அருமையாக வேண்டிய சில வளங்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஐந்து காரியங்களைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

முதலாவது, எழுத்து. எங்களிற் பலர் மிஷன் பாடசாலைகளிலும் இந்துக் கல்லூரிகளிலும் ஆங்கிலம் கற்றோம். அதை உத்தியோகம் தேடுவதற்கு மட்டும் வைத்திராமல், மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றார் சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதவும் கணக்கு ஒழுங்குசெய்யவும் பயன்படுத்துவோம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை எப்படிக் காண்பது, சங்கத்தைப் பதிவுசெய்ய எப்பத்திரம் வேண்டும் என்பவற்றைத் தெரிந்து சொல்வோம். வர்த்தகம் படிக்கும் மாணவர் கணக்கேடு எழுதட்டும். சட்டம் படிக்கும் மாணவர் யாப்பு எழுதட்டும்.

இரண்டாவது, நிலையான சிறுபணம். விழா எடுத்து ஒரேநாளிற் பெருந்தொகை கொடுத்துப் புகைப்படம் எடுப்பதிலும், மாதந்தோறும் தவறாது சிறுதொகை கொடுப்பது மேல். கணக்குப் பாருங்கள்: 200 பேர் மாதம் 500 ரூபா கொடுத்தால் மாதம் ஒரு லட்சம், ஆண்டுக்கு 12 லட்சம். ஓர் ஆசிரியரின் வேலை அதனால் நிலைபெறும். வெளிநாட்டில் உள்ள நம் உறவினரிடமும் "கட்டடம் தாருங்கள்" என்று கேளாது, "ஐந்தாண்டுச் சம்பளத்துக்கு உறுதி தாருங்கள்" என்று கேட்போம். அவர்களுட் பெரியதாகச் செய்யக்கூடியவர்கள் இருந்தால், முதல் கரையாத ஒரு நிதியம் அமைக்கும்படி வேண்டுவோம்.

மூன்றாவது, இடம். நம் சங்க மண்டபம் கிழமை நாட்களிற் பகலிலே பூட்டிக் கிடக்கின்றது. பெற்றார் கூடிப் பேசுவதற்கும் பயிற்சி பெறுவதற்கும் அதைத் திறந்துவிடலாம். உலக சுகாதார ஸ்தாபனம் பெற்றாருக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை 2022இல் இலவசமாக வெளியிட்டது. ஒன்பது கூட்டங்களும் மூன்று வீட்டுச் சந்திப்புக்களும் கொண்டது. விசேட நிபுணர் இல்லாத இடங்களிலும் நடத்தத்தக்கது. இத்தகைய வளத்துக்கு வேண்டியது பணமன்று. ஒரு மண்டபமும், பயின்ற ஒருவரும், தாய்மார் வரும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாலு வாலிபரும்.

நான்காவது, ஆசனம். ஓட்டிசம் உடையோருக்காக நாம் எடுக்கும் எந்தக் குழுவிலும் ஓட்டிசம் உடைய ஒருவராவது, அவர் பேசாதவராயின் அவரை நன்கு அறிந்த பெற்றார் ஒருவராவது இருக்கவேண்டும். நன்றிகூற மேடையில் ஏற்றுவதற்காகவன்று. பணம் எதற்குச் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பதற்காக. பேசாதவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. எழுதிக் காட்டியும் படத்தைத் தொட்டுக் காட்டியும் அவர்கள் சொல்வார்கள். கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

ஐந்தாவது, திருவிழா. இது பணமே வேண்டாத காரியம். ஒலிபெருக்கியும் வெடியும் நெருக்கமும் சேர்ந்த திருவிழாவிலே இப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள். "பிள்ளையை அடக்கத் தெரியவில்லை" என்று ஒருவர் சொல்ல, அந்தத் தாய் மறு ஆண்டு கோயிற் பக்கம் வருவதில்லை. திருவிழா நாட்களில் ஒரு காலைப் பொழுதிலாவது ஒலிபெருக்கி இன்றி, வரிசை இன்றி, இக்குடும்பங்கள் அமைதியாகத் தரிசனம் செய்ய ஒழுங்குசெய்யும்படி ஆலய பரிபாலன சபையாரை நம் சங்கம் கேட்கலாம். வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே வந்தாலன்றி எந்த நன்கொடையும் அவர்களைச் சென்று சேராது. எவ்வளவு பேர் இருக்கின்றார்கள் என்று ஊருக்கும் தெரியாது, அரசினருக்கும் தெரியாது.

இவ்வைந்தும் அரசினர் கடமைக்குப் பதிலாகா. பாடசாலையிலே பயிற்சி பெற்ற ஆசிரியரும், வைத்தியசாலையிலே காலத்தில் இனங்காணும் வசதியும், வளர்ந்தோருக்குத் தொழிலும் இருப்பிடமும் அரசினர் பொறுப்பு. அப்பொறுப்பை அவர்கள் ஏற்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும், ஏற்கும்வரை காரியம் நின்றுவிடாது தாங்கிப் பிடிப்பதும் நம் பொறுப்பு. ஈலிங் பாடசாலையின் பெற்றார் செய்தது அதுதான். அவர்கள் செல்வந்தர் கூட்டமன்று. ஒரு வானொலிப் பேச்சைக் கேட்டு ஒருவரையொருவர் கண்டுபிடித்த தாய் தந்தையர்.

"எங்களுக்குப் பின் யார்?" என்று கேட்கும் பெற்றாருக்கு ஒரு நன்கொடையாளர் "மூன்று வருடத்துக்கு நான்" என்றுதான் சொல்ல முடியும். தனி மனிதர் எவரும் அதற்குமேல் உறுதி கூற இயலாது. அவரும் ஒருநாள் கண்மூடுவார். ஆனால் ஒரு சங்கம் சொல்லலாம். தலைவர் மாறுவார், காரியதரிசி மாறுவார், இன்றைய வாலிபர் நாளை முதியோராவர், சங்கம் இருக்கும். வரும் பொதுக்கூட்டத்தில் இவ்வைந்து காரியங்களையும் ஆராய ஒரு சிறு குழுவை நியமிக்கும்படியும், ஓட்டிசம் உடைய பிள்ளைகளின் பெற்றார் இருவரை அக்குழுவுக்கு அழைக்கும்படியும் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.